புற்று இல்லை என்று சொன்ன வாய்

பிள்ளைகளே, பெருமை பேச எனக்கு ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை. காலம் முழுக்க வயிறு வெட்டியவள் நான். வாயைத் திறந்தால் என் கெட்டித்தனத்தைப் பொழுது சாயும்வரை அளந்துகொண்டிருப்பேன். என்னோடு வேலை செய்த மிசிமாரை, வாட்டுத் தாதிமாரைக் கேட்டுப் பாருங்கள், காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். நீங்கள் சத்திரசிகிச்சைப் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். குடல் நோய்களைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் மடம் என்று கேட்டீர்கள். குடலைப் பற்றிப் புத்தகம் சொல்லும். நான் வெட்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் ஊரில் குடல் நோயில் பாதி வெட்கம்தான்.

இருதயத்தில் வெட்டுப்பட்டவரைக் கவனித்திருக்கிறீர்களா? கலியாண வீட்டில்கூடச் சேட்டுப் பொத்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டுவார். குடல் அப்படியில்லை. மாதக்கணக்காக இரத்தம் போயிருக்கும். கிளினிக்கில் வந்து கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, "கொஞ்சம் தலைச்சுத்து, டொக்டர்" என்பார். பக்கத்தில் இருக்கிற மனுசி முழங்கையால் இடித்த பிறகுதான், "கொஞ்சம் சூடுபோலை" என்று அடுத்த சொல் வரும். நாங்கள் மட்டும் என்ன திறமோ? ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் வெளுத்து வாங்குகிற நாங்களும், தமிழில் கேட்கவேண்டி வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வோம். நான் ஒரு பெண். எதிரே இருப்பது வயது வந்த ஆண் என்றால், எனக்கும் அந்தரம், அவருக்கும் அந்தரம். எப்படா கேள்வி முடியும் என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருப்போம்.

தவராசா அண்ணையும் அப்படித்தான் வந்தார். அது அவருடைய உண்மைப் பெயர் இல்லை. வல்வெட்டித்துறைக்காரர், சொந்தமாக வள்ளம் வைத்துத் தொழில் செய்தவர். கடலில் இன்ஜின் சத்தத்துக்கு மேலால் கத்திக் கதைத்துப் பழகிய குரல். என் அறைக்குள் வந்ததும் அந்தக் குரல் எங்கோ போய்விட்டது. மனைவி மலர்தான் கதைத்தார்.

"இவர் சொல்லமாட்டார் டொக்டர். கன நாளா வயித்தாலை போகுது. இரத்தமும் சளியுமா. மாதுளங்கோது அவிச்சுக் குடுத்துப் பாத்தன், கேக்கேல்லை. சாரம் இடுப்பிலை நிக்குதில்லை, பாருங்கோ."

"நீ சும்மா இரு. கண்டறியாத கதை."

"சும்மா இருந்துதானே உங்கடை அண்ணையையும் சாகக் குடுத்தனாங்கள்."

அவர் சாரத்தை இழுத்துச் செருகிக்கொண்டார். அவருடைய அண்ணை குடல் புற்றில் போனவர். கடைசி நாட்களில் அவரைக் கழுவித் துடைத்தது இந்தத் தம்பிதான். அதனால் அவர் பயந்தது வயிற்றாலை போவதற்கு இல்லை. அந்த ஒரு சொல்லுக்குத்தான்.

கையால் பார்த்தபோது வலப்பக்கத்தில் நோவும் ஒரு கட்டியும் தெரிந்தன. கமராக் குழாய் விட்டுப் பார்த்தேன். வலப்பக்கக் குடல் முழுக்கப் புண். நடுவில் ஒரு தடித்த வீக்கம். புண்களின் விளிம்பிலும் வீக்கத்திலும் இருந்து துண்டுகள் எடுத்தேன். இதை ஒழுங்காகத்தான் செய்தேன்.

ஒழுங்கில்லாமல் செய்ததையும் சொல்கிறேன். குழாயை உள்ளே விடும்போது இடப்பக்கத்தில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு தடிப்பைக் கண்டேன். குடல் வடிவாகச் சுத்தமாகியிருக்கவில்லை. அவரும் முனகிக்கொண்டிருந்தார். வெளியே வாங்கில் இருக்க இடமில்லாமல் ஆட்கள். திரும்பி வரும்போது இதைப் பார்ப்போம் என்று நினைத்தேன். வலப்பக்கத்தில் அத்தனை புண்ணைக் கண்ட பிறகு, இதுவும் அந்தச் சாதிதானே என்று மனம் சொல்லிற்று. திரும்பி வரும்போது நான் பார்க்கவில்லை.

ஆய்வுகூடத்தில் அப்போது ஒரு இளம் பெண் வைத்தியர் புதிதாக வந்திருந்தார். துண்டுகளை நுணுக்குக்காட்டியில் வைத்து நோயைச் சொல்வது அவருடைய வேலை. அமீபா இருக்கிறது, கிடைத்த துண்டுகளில் புற்றுக் கலங்கள் காணப்படவில்லை, மருந்து கொடுத்துவிட்டுத் திரும்பவும் பார்க்கவும் என்று எழுதியிருந்தார். தெளிவான எழுத்து. நான் அமீபா என்ற இடத்தோடு எழும்பிவிட்டேன்.

நடைபாதையில் மலரும் தவராசா அண்ணையும் காத்திருந்தார்கள். அவர் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு வாங்கில் இருந்தார். எனக்கு அந்தச் சந்தோசத்தைக் கொடுக்கவேண்டும்போல இருந்தது. உண்மையைச் சொன்னால், கொடுக்கிறவள் நான் என்பதில் ஒரு இனிமை இருந்தது.

"புற்றுநோய் இல்லை, தவராசா அண்ணை. உது பூச்சி. குளிசையோடை போயிடும்."

"மெய்யே டொக்டர்?"

"மெய்தான்."

"அண்ணைக்கு வந்தது எனக்கு இல்லையே?"

"இல்லையெண்டு சொல்லுறன் எல்லோ."

அவர் திருப்பித் திருப்பிக் கேட்டார். நான் திருப்பித் திருப்பிச் சொன்னேன். மலர் என் காலில் விழப் பார்த்தார். பிடித்து நிறுத்தினேன். "முருகா, முருகா" என்று அவர் அழுத அழுகையில் பக்கத்து வாட்டுக்காரரும் எட்டிப் பார்த்தார்கள்.

குளிசை வேலை செய்தது. வயிற்றாலை போவது நின்றது, பசி வந்தது, சாரமும் இடுப்பில் நின்றது. ஒரு நாள் விளைமீனும் பாரையும் பனையோலைக் கடகத்தில் என் வீட்டுக்கு வந்து இறங்கின. மலர் நேர்த்தி வைத்திருந்தார். ஊர் முருகன் கோயில் திருவிழாவுக்குத் தவராசா அண்ணை காவடி எடுத்தார். நானும் கட்டாயம் வரவேண்டும் என்று ஓட்டோ அனுப்பினார்கள். போகாமல் விட்டிருக்கலாம். போனேன், சீலையும் புதிது. சுடுமணலில் நின்ற சனத்துக்கு நடுவில் என்னைப் பிடித்து முன்னுக்கு விட்டு, "இவதான் கான்சர் இல்லையெண்டு கண்டுபிடிச்ச டொக்டர்" என்று மலர் எல்லாருக்கும் சொன்னார். யாரோ போனில் வீடியோ எடுத்தார்கள். அது லண்டன், கனடா எல்லாம் சுற்றி, கொக்குவிலில் எங்கள் பக்கத்து வீட்டுக்கே திரும்பி வந்தது. நான் இல்லை, இல்லை என்று தலையாட்டிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன் அதில். கோதாரி, அந்தச் சிரிப்பை என்னால் இன்றைக்கும் பார்க்க ஏலாது.

பிறகு தவராசா அண்ணை கிளினிக்குக்கு வந்தார்.

"எப்பிடி, சுகமோ?"

"நல்ல சுகம் டொக்டர்."

"இரத்தம் இல்லைத்தானே?"

"இல்லை, இல்லை." சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். நான் கேட்ட விதத்தைக் கவனியுங்கள். மறுமொழியையும் நானே வாய்க்குள் ஊட்டிவிட்டுக் கேட்டிருக்கிறேன். அவர் சுவரைப் பார்த்ததையும் கண்டேன். இரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்து ஏறவேயில்லை, அதையும் கண்டேன். "கீரை சாப்பிடுங்கோ" என்றேன்.

திரும்பக் குழாய் விடவேண்டிய நாள் வந்திருந்தது. "இன்னொருக்கால் கமரா விட்டுப் பாப்பமோ?" என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லமாட்டாரா என்று ஏங்குகிற ஒரு குரலில் கேட்டேன்.

"ஏன் டொக்டர், ஏதும் சந்தேகமோ?"

"சீச்சீ. சும்மாதான்."

"சும்மா எண்டால் ஆறுதலாப் பேந்து பாப்பம்."

"ஓம், பேந்து பாப்பம்."

அந்தச் "சீச்சீ"யைத்தான் பிள்ளைகளே, நான் சாகும்வரை சுமக்கவேண்டும். அமீபாவைப் புற்று என்று நினைப்பதும், புற்றை அமீபா மறைப்பதும் உலகத்தில் நடக்கிறதுதான். துண்டு எடுத்த இடத்தில் புற்று அகப்படாமல் போவதும் நடக்கும். அதற்கெல்லாம் மன்னிப்பு உண்டு. ஆனால் எனக்குச் சந்தேகம் இருந்தது. ஏதும் சந்தேகமோ என்று அந்த மனுசன் நேருக்கு நேரே கேட்டார். நான் இல்லை என்று சொன்னேன்.

கொஞ்ச நாளில் ஆய்வுகூடப் பிள்ளை எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"மடம், அந்த வல்வெட்டித்துறைக்காரரின்ரை இரண்டாந்தரத் துண்டுகள் எனக்கு இன்னும் வரேல்லை."

"அவருக்கு அமீபா. நீர்தானே எழுதினனீர்."

"ஓம் மடம். அமீபா இருக்கெண்டு எழுதினனான். புற்று இல்லையெண்டு எழுதேல்லை."

"தங்கச்சி, நான் எத்தினை குடல் பாத்தனான் எண்டு உமக்குத் தெரியுமோ?"

"தெரியும் மடம். அதுதான் கேட்டனான்."

போனைப் படாரென்று வைத்தேன். நேற்று வந்ததுகள் எனக்குப் படிப்பிக்குதுகள் என்று மிசியிடம் புறுபுறுத்தேன். அவர் சொன்னது பிழையாக இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு கோபம் வந்திராது.

அன்றைக்கே மலருக்கு எடுத்திருக்கலாம். இலக்கம் கையில் இருந்தது. என்னவென்று சொல்வது? ஊர் முழுக்க முன்னால் நிற்க வைத்துக் கும்பிட்ட பிறகு, நான் சொன்னது நிச்சயமில்லை, திரும்பவும் பார்க்கவேண்டும் என்று எந்த முகத்தோடு சொல்வது? நாளைக்குச் சொல்வோம், கிளினிக் நாளில் சொல்வோம் என்று இழுத்தேன். ஒரு மனுசனின் குடலைவிட என்னுடைய வாய்ச்சொல் எனக்குப் பெரிதாக இருந்தது. வேறெப்படிச் சொன்னாலும் அது பொய்.

கடைசியில் தவராசா அண்ணைக்கே எடுத்தேன். அப்போதும் "ஒரு சின்னப் பரிசோதனை" என்றுதான் சொன்னேன். "வாடைக்காத்துத் தொடங்கமுன்னம் கடல் தொழிலைப் பாக்கவேணும் டொக்டர், பேந்து வாறன்" என்றார். போனை வைத்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கக்கேடு, நிம்மதியாகத்தான் இருந்தது.

வாடை மழையோடு அவர் வந்தார். மத்தியான நேரம், வயிறு ஊதி, சத்தியெடுத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் பிடிக்க வந்தார். சேலைன் ஏற்றி, வயிற்றை ஓயவிட்டு, சுத்தமாக்கி, குழாய் விட்டேன். வலப்பக்கத்துப் புண் ஒன்றுகூட இல்லை. அவ்வளவு வடிவாக ஆறியிருந்தது. அந்த வீக்கம் மட்டும் போகவில்லை. வளர்ந்து வழியை மறித்துக்கொண்டு நின்றது. குழாயை வெளியே எடுக்கும்போது பக்கத்தில் நின்ற மிசி, "காணும் மடம், இடம் தெரிஞ்சிட்டுதுதானே" என்றார். போதும் என்றுதான் எனக்கும் இருந்தது. ஒரு தடவை அப்படி நினைத்த கூலியைக் கண் முன்னால் பார்த்துக்கொண்டிருந்ததால், இந்த முறை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். இடப்பக்கத்துப் பாக்களவுத் தடிப்பு பெருத்துப் புண்ணாகி இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இரண்டிலும் இருந்து துண்டுகள் எடுத்து அனுப்பினேன்.

முடிவை அந்த இளம் வைத்தியர் தானே வாட்டுக்குக் கொண்டுவந்தார். "ரெண்டும் புற்று, மடம். ஒண்டிலை இருந்து மற்றது பரவினமாதிரித் தெரியேல்லை. தனித்தனியாத் தொடங்கியிருக்கு." அவ்வளவுதான். ஒரு குத்தல் இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தேத்தண்ணி குடிச்சனீங்களோ மடம்?" என்று கேட்டார். ஒரு நல்ல ஏச்சு ஏசியிருந்தால் எனக்கு அது சுகமாக இருந்திருக்கும்.

ஆக, முதல் நாளே அந்தக் குடலுக்குள் மூன்று நோய் இருந்திருக்கிறது. ஒரு பூச்சி, இரண்டு புற்று. நான் ஒன்றைக் கண்டுவிட்டுக் கதவைச் சாத்திவிட்டேன். ஒரு வயிற்றுக்குள் ஒரு நோய்தான் குடியிருக்கவேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை, பிள்ளைகளே. ஒன்றைக் கண்டதும் வருகிற சந்தோசம் இருக்கிறதே, அந்த நேரத்தில்தான் மற்றது உங்கள் பக்கத்தால் நழுவிப் போகும்.

மலரை வெளியே கூப்பிட்டுச் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு எங்கள் ஊரில் எல்லாரும் கேட்பதைத்தான் கேட்டார்.

"அவருக்குச் சொல்லாதேங்கோ டொக்டர். அண்ணையை நினைச்சே செத்துப்போவார். வேறை ஏதும் கட்டியெண்டு சொல்லி வெட்டுங்கோ."

எவ்வளவு நல்ல ஏற்பாடு! அவருக்கும் ஒன்றும் தெரியாது, நான் பிழைவிட்டதும் தெரியவராது. மனுசியின் விருப்பம் என்று நானும் ஒளித்துக்கொள்ளலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சோறும் தந்து, கையையும் பிடித்துவிடுகிறார்கள். ஒரு கணம் ஓம் என்று சொல்லத்தான் வாய் போனது. ஒரு தரம் இல்லை என்று சொல்லி நாசம் செய்த வாய் அது. மலரையும் கூட்டிக்கொண்டு கட்டிலடிக்குப் போனேன்.

"தவராசா அண்ணை, நான் பிழை விட்டிட்டன். பூச்சி இருந்தது மெய். அதோடை புற்றும் இருந்திருக்கு, ரெண்டு இடத்திலை. திரும்பப் பாத்திருக்கவேணும். எனக்குச் சந்தேகமும் இருந்தது. சொல்ல வெக்கப்பட்டுப் பேசாமல் இருந்திட்டன்."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்குத் தெரியும் டொக்டர்."

"என்ன தெரியும்?"

"வயித்தாலை போறதுதான் நிண்டது. இரத்தம் நிக்கேல்லை. இடைக்கிடை போய்க்கொண்டுதான் இருந்தது."

"என்ன விசர்க் கதை கதைக்கிறியள்?" மலரின் குரல் வாட்டு முழுக்கக் கேட்டது. "என்னட்டைச் சொல்லேல்லையே!"

"எப்பிடிச் சொல்லுறது? காவடியும் எடுத்தாச்சு. டொக்டரையும் கூப்பிட்டு ஊருக்கு முன்னாலை நிப்பாட்டியாச்சு. பேந்து போய் எனக்கு இரத்தம் போகுதெண்டால் டொக்டருக்கெல்லே மரியாதைக்கேடு. அவ இல்லையெண்டு சொன்னவ. அப்ப இல்லைத்தான் எண்டு இருந்திட்டன்."

என் மரியாதையைக் காப்பாற்ற நான் ஒரு பக்கத்தில் ஒளித்தேன். அதே மரியாதையைக் காப்பாற்ற, இரத்தம் போகப்போக அந்த மனுசன் மற்றப் பக்கத்தில் ஒளித்திருக்கிறார். என் மேசையின் இரண்டு பக்கத்திலும் இருந்துகொண்டு ஒருவருக்கொருவர் "நல்ல சுகம்" என்று சொல்லியிருக்கிறோம்.

இரண்டு புற்றையும் வெட்டி எடுத்தேன். அந்தச் சத்திரசிகிச்சையில் ஒரு குறையும் சொல்ல முடியாது, ஆனால் தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். நெறிகட்டிய இடங்களுக்கும் புற்று பரவியிருந்தது. கீமோ ஏற்றினார்கள். கொஞ்சம் தேறினார். ஒன்றிரண்டு தரம் கடலுக்கும் போனார் என்று கேள்வி. அடுத்த வருடத் திருவிழாவைக் கண்டார். அதற்கடுத்ததைக் காணவில்லை.

கூட வேலை செய்தவர்கள், "ஆனைக்கும் அடி சறுக்கும், மடம், விடுங்கோ" என்று ஆறுதல் சொன்னார்கள். ஆனை சறுக்கினால் விழுவது ஆனை. இங்கே விழுந்தது நானா? நான் சம்பளம் எடுத்து, இளைப்பாறி, பென்சனும் எடுக்கிறேன்.

அதனால் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். கிடைத்த துண்டில் இல்லை என்றால், கிடைத்த துண்டில் இல்லை என்றே சொல்லுங்கள். அந்த இடத்தில் அவர்களுடைய முகம் வாடும். வாடட்டும். "இரத்தம் இல்லைத்தானே" என்று கேளாதீர்கள். "இரத்தம் இப்பவும் போகும், எப்ப எப்ப போறது?" என்று கேளுங்கள். ஓம் என்று சொல்ல அவருக்கு ஒரு வழி விடுங்கள். கடகத்தில் மீன் வந்தால் வாங்குங்கள், பாவம், ஆசையோடு கொண்டு வருவார்கள். கோயிலுக்குக் கூப்பிட்டால் மட்டும் போகாதீர்கள், திரும்பப் பார்க்கிற வேலை முடியும்வரை.

செத்தவீட்டுக்கு நான் போனேன். போகவேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள். பந்தலுக்குள் பெண்களுக்கு நடுவில் மலர் இருந்தார். எனக்கு இடம் விட்டார்கள். அவர் அழுது முடித்திருந்தார். என்னைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டார்.

"அண்டைக்கே திருப்பிப் பாத்திருந்தால், இவர் இருந்திருப்பாரோ டொக்டர்?"

பக்கத்தில் இருந்த ஒரு மனுசி, "விதியடி பிள்ளை, டொக்டர் என்ன செய்யிறது" என்று எனக்காகச் சொன்னார். நல்ல மனசு. மலர் அவர் பக்கம் திரும்பவேயில்லை. என்னிடம் இருந்துதான் மறுமொழி வேண்டும் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். உடம்புக்கு உடம்பு வித்தியாசம், நிச்சயமாகச் சொல்ல ஏலாது, இப்படி எத்தனையோ மறுமொழி என் தொழிலில் எனக்குத் தெரியும்.

"இருந்திருப்பார் எண்டுதான் நான் நினைக்கிறன், மலர்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு சொன்னார்.

"எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கெண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால், அவர் வாய் திறந்திருப்பார் டொக்டர்."

சொல்லிவிட்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். செத்தவீட்டில் போய்வருகிறேன் என்று சொல்வது எங்கள் வழக்கமில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் எழும்பி வந்தேன்.